அடுகோடி லேப் வராண்டாவில் உன் குரல்

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி ஜெபம். உன் மகன் க்ளென் இப்போது நலம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. நீ வேலை செய்யும் வீட்டில் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டது லீவில் ஊருக்கு வந்த மௌரீன் சொல்லித்தான் தெரிந்தது, லீவு முடிந்து அங்கே திரும்புகிற அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தவக்காலத்தில் பிள்ளைக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்றாள் உன் அம்மா. பிறகு சளியும் ரத்தமுமாகப் போகவே, டாக்டரம்மா மலத்தை டெஸ்ட் செய்யச் சொன்னார். விடியற்காலையில் ஆய் போனான், லேப் திறக்க நேரமிருந்தது, கெட்டுப்போகக் கூடாதே என்று அம்மா அந்த டப்பாவைக் கவர் மேல் கவராகச் சுற்றி ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அமீபா இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, நாங்களும் நம்பினோம், வேறு மருந்து கொடுத்தோம், பிள்ளை நாளுக்கு நாள் உருகினான். தூக்கினால் கையில் கனமே இல்லை.

மறுபடி போனபோது, எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஃபிரிட்ஜ் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அமீபா உயிரோடு நகர்வதைத்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம், குளிர்ந்தாலும் நேரமானாலும் அழிந்துபோகுமாம். பிள்ளையையே லேப்புக்குக் கொண்டுபோங்கள், சூடு ஆறுமுன் பார்க்கட்டும் என்றார். அடுகோடி லேப் வராண்டாவில் அவனை ஆய் சட்டியில் உட்கார வைத்தோம். புது இடம், ஊசி போடுவார்களோ என்று பயம், அழுகிறானே தவிரப் போகவில்லை. அப்போதுதான் சட்டியில் பழக்குவதற்கு நீ முன்பு அனுப்பிய வாய்ஸ் அம்மாவுக்கு நினைவு வந்தது, போனில் போட்டாள். ஒக்காந்துக்கோ ராசா, அம்மா இங்கதான் இருக்கேன், முக்கு கண்ணு என்று உன் குரல் வந்ததும் அழுகை நின்றது. எழுந்து போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், நீ இல்லை, மறுபடி உட்கார்ந்துகொண்டான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன் மகளே. அவன் போனதும் லேப்பில் உடனே பார்த்தார்கள், ரத்த அணுக்களை விழுங்கிக்கொண்டு அமீபா நகர்கிறது என்றார்கள். அதற்கான மருந்து கொடுத்த பிறகு வயிற்றுப்போக்கு நின்றது.

இப்போது ரசம் சாதம் சாப்பிடுகிறான், தண்ணீர் காய்ச்சித்தான் கொடுக்கிறோம், அம்மா எல்லார் கையையும் சோப்புப் போட வைக்கிறாள். நேற்று உன் நினைவு தாங்காமல் அந்த வாய்ஸை நான் சும்மா போட்டேன். குரல் கேட்டதும் க்ளென் ஓடிப்போய் மூலையிலிருந்த சட்டியை இழுத்து வந்து, நிஜாரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா சிரித்தாள், பிறகு சமையல்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவனுக்குத் தெரிந்த உன் குரல் அது ஒன்றுதானே.

மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காப்பாளாக. மறக்காமல் ஒன்று செய், மௌரீன் போனிலாவது வேறு ஏதாவது பேசி அனுப்பு. கதையோ பாட்டோ, திட்டினாலும் பரவாயில்லை, அவன் பெயரைச் சொல்லிப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா ஓஸ்வால்ட்