கருப்பாத்தாள் பெயரை என்ன செய்வது

கோவை
17.11.1996

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு சுகம், மனதுதான் சரியில்லை. டெல்லிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் மருதமலைப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறாள்.

நீ அனுப்பிய புத்தகத் திட்டத்தைப் படித்தேன். அத்தியாயங்களின் சுருக்கம், மாதிரிக்கு ஒரு முழு அத்தியாயம், யார் வாங்குவார்கள், எழுதுகிறவளை யாருக்குத் தெரியும் என்று பதிப்பகம் கேட்பதில் தப்பில்லை, முகம் தெரியாதவனுக்கு எந்த மோட்டார் கம்பெனியும் டீலர்ஷிப் கொடுக்காது. நீ பத்திரிகையில் எழுதி, கூட்டங்களில் பேசி, நாலு பேருக்குத் தெரிந்தவளாக ஆனது நல்ல காரியம். ஆனால் ஊர்ப் பெரிய மனிதர் சிபாரிசு எழுதினால் கனம் கூடும் என்று நஞ்சப்பனுக்கு ஒரு பிரதி அனுப்பினாயே, அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலேஜில் உனக்குப் பாடம் எடுத்தவர், நல்லவர், எல்லாம் சரி. நீ டெல்லி போன பிறகு அவர் மகளைக் கட்டிக்கொடுத்தது எந்த வீட்டில் தெரியுமா, நீ எட்டாவது அத்தியாயத்தில் எழுதப்போகிற அதே சாயப்பட்டறை வீட்டில். நாங்களும் போய் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

போன வாரம் அந்தப் பட்டறை மேனேஜர் பூவும் பழமுமாக நம் மோட்டார் கடைக்கு வந்தார். ஏனுங்க, பாப்பா எட்டாவது அத்தியாயத்துல நம்மளப் பத்தி எழுதறாங்களாமா, ரொம்பச் சந்தோசமுங்க என்றார். அச்சுக்கே போகாத புத்தகம், அவர் அத்தியாய நம்பர் சொல்கிறார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், பொங்கலுக்குப் பாப்பா எந்த வண்டியில வாராங்க, ஸ்டேசனுக்கு நம்ம காரையே அனுப்பிப்போடறமுங்க என்றார். கடையில் சத்தம் போடுகிறவர்களை எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன், இந்த மரியாதை அதைவிட மோசம். தெரியலீங்க என்றேன்.

அதோடு போயிருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். பட்டறைச் சாயத்தில் கிணற்றுத் தண்ணீர் சிவந்த கதையைச் சொன்ன கருப்பாத்தாளை, மாதிரி அத்தியாயத்தில் பெயர், ஊர் எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாய். இப்போது அவள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை, பக்கத்துத் தெருவோடு திரும்பிவிடுகிறது. உன்னாலதான் என்று தெருக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். முந்தாநாள் காங்கேயத்தில் பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள், அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அம்மணிகிட்ட நாஞ்சொன்னது ஒண்ணும் பொய்யில்லீங்க, மாத்திப் பேச மாட்டேன், ஆனா அந்தப் பொஸ்தகத்துல நான் ஒருத்தி மட்டும் நிக்கறனாட்ட இருக்குதுங்க என்றாள்.

கண்ணு, எழுதாதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிறவள் இல்லை நீ. இனிமேல் இந்த ஊரில் யாருக்கும் பிரதி அனுப்பாதே. அவள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, என் பெயரைக் கடை விலாசத்தோடு போடு. அந்தக் கிணறுகளிலிருந்து அரித்துப்போய் வந்த மோட்டார்களைக் கழற்றிப் பார்த்தவன் நான், பதிப்பகத்துக்கு அது போதும். பட்டறைக்காரர்களும் நம் வாடிக்கைதான், போனால் போகட்டும். பொங்கலுக்கு வர வேண்டாம், அம்மா கேட்டால் லீவு இல்லை என்று சொல். எங்கே இருந்தாலும் தைரியமாக, நிறைந்த ஆயுளோடு இரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சுந்தரராஜுலு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது, கருப்பாத்தாளுக்கு அரிசி கொடுத்து அனுப்பிய கடை ஆள் மூட்டையோடு திரும்பி வந்துவிட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறதாம், ஆடு பட்டியில் கத்துகிறதாம், எங்கே போனாள் என்று கேட்டால் தெருவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். மேலே எழுதியதை விட்டுவிடு. பெயரை எடுக்காதே. யாருக்கும் தெரியாதவளைக் காணோம் என்றால் கேட்க ஆள் இருக்காது. என் பெயரை அவள் பெயருக்குப் பக்கத்தில் போட்டு, புத்தகம் வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே உன் பத்திரிகையில் எழுது. நான் காங்கேயத்துக்குக் கிளம்புகிறேன்.