சஹனில் என் பக்கம்

அன்புள்ள ஜெஸீமா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி குறைந்ததா? என் தொந்தி நல்ல சுகம்.

வேலை நின்றதால் அறைக் கூட்டாளிகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய இரும்புகள் விற்று முடியும்வரை காவலுக்கு என்னை நிறுத்தியிருக்கிறார் முதலாளி. அந்தத் துருவை யார் வாங்கப்போகிறார்கள்? பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. பழைய நினைப்பில் எல்லோருக்கும் சோறாக்கி, ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் பெரிய சஹனில் கொட்டிவிட்டேன். கை அடுத்தவன் பக்கம் போகமாட்டேன் என்றது. என் பக்கத்தை மட்டும் பள்ளமாக்கினேன். விடைபெற வந்த தலைமன்னார் அம்புறோஸ் பார்த்துவிட்டான். கூடப்பிறந்த அண்ணன்போல என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"மிச்சம் ஆருக்கு, நானா?"

"அவங்கள் வாறாங்கள்."

"நானாவுக்கு வெயில் மண்டையில ஏறிட்டுது!"

ஒரு வாய் சாப்பிடச் சொன்னேன். விமானத்துக்கு நேரமாம். இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், ஒருவர் சாப்பிடும் அளவில் சின்னப் பீங்கான் ஒன்று கொடுத்துவிடு.

ஆகஸ்ட் லீவுக்கு நம் ஊர் மறிச்சுக்கட்டியில் எல்லோரும் கூடும்போது, சஹனில் என் பக்கத்தை இம்முறையும் வெறுமையாக விடாதே. உன் தம்பி பவ்ஸானை இருத்து. ஈரல் துண்டை மட்டும் அவனுக்குக் காட்டாதே.

அம்புறோஸ் கத்துகிறான்.

உன்
உவைஸ்