தீபத்தன்று எடுத்த இ.சி.ஜி.

நேற்று எனக்கே இ.சி.ஜி. எடுத்தார்கள். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் நெஞ்சில் ஜெல்லியைத் தடவியதும் சில்லென்றது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னும் பைத்தியக்காரி மாதிரி உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷின் வந்தபோது நாம் இருவரும் புது நர்சுகள். டாக்டர் பாடம் நடத்திவிட்டுப் போனதும், ஒருவரையொருவர் படுக்கவைத்துப் பழகுவோம். ஒருநாள் உன் எதிரில் நின்றபடி வலக்கை ஒயரை இடக்கையில் மாட்டிவிட்டேன். கோடு தலைகீழாக வந்தது. உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழவே ஆரம்பித்துவிட்டேன். நீ எழுந்து உட்கார்ந்து ஒயரைப் பார்த்தாய்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. உனக்குத்தான் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியல."

மாரடைப்பைக் கோட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று டாக்டர் சொன்னதைவிட நீ சொன்னதுதான் எனக்குப் பிடிபட்டது. "ஊசி மாதிரி ஒரு உச்சி இருக்குது பாரு. மலை எறங்குனவன் தரையில நிக்கணும். அந்தரத்துல நின்னா வம்பு."

அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்கு வந்த உன் அம்மா, மத்தியானம் வார்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வியர்த்துக் கொட்டியது. "வெறும் வயித்தோட இருக்கேன்ல, வாயு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள். நீதான் ஒயர்களை மாட்டினாய். தாள் வந்ததும் என் கையில் திணித்தாய்.

"நீ பாருடி. எனக்குக் கோடே தெரியல."

டாக்டர் மாடவீதிக் கூட்டத்தில், முதலுதவிக் கூடாரத்தில் இருந்தார். வெறும் வாயுவுக்காக அவரை இழுத்து வந்தால் திட்டு விழும். மாரடைப்பை வாயு என்று விட்டால் உன் அம்மா கிடைக்கமாட்டார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். உச்சியிலிருந்து இறங்கிய கோடு தரைக்கு வரவேயில்லை.

"அட்டாக்குதான்" என்றேன்.

நல்லா பாத்தியா என்றுகூட நீ கேட்கவில்லை. டாக்டரிடம் ஆளை ஓடவிட்டாய். இப்படி வருகிறவர்களுக்கு உடனே கொடுக்கும்படி அவர் சொல்லியிருந்த மாத்திரையை எடுத்து வந்தாய். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"தீபம் பாக்காம பச்சத்தண்ணிகூட பல்லுல படக்கூடாது."

"முழுங்க வேணாம்மா, நாக்குக்கு அடியில சும்மா வெச்சுக்க. வெரதம் கெடாது. அண்ணாமலையார் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அம்மா வாயைத் திறந்தார்கள். டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், உடனே வேலையில் இறங்கினார். சாயங்காலம் ஊரே அரோகரா என்று முழங்கியபோது அம்மா படுத்தபடியே கும்பிட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ தீபம் பார்த்தார்கள்.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ தாள்களைப் பார்த்துவிட்டேன். சந்தேகம் வராத நாளில்லை. அப்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன். பெற்ற தாயின் உயிரை என் ஒரு வார்த்தையை நம்பி ஒப்படைத்தாய். என்மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கே இருந்ததில்லை. நீ வைத்த அந்த நம்பிக்கையைத் திருப்பித் தர இப்போது நீ இல்லை. நானே வைத்திருக்கிறேன்.