தகரமா, ரப்பரா

தாராவி
17.5.1964

அன்புள்ள நெல்லையப்பனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ரூர்கேலா வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வண்டியின் பின்பக்கத் தட்டைக் கழுவினேன், பிக்கப் வாங்கியதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. ஊற்றின தண்ணீர் நிற்காமல் போயிற்று, குனிந்து பார்த்தால் போன மாதம் எழுதினேனே அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று. பாந்த்ராவிலிருந்து ஏற்றி வருகிற ஆட்டுத்தோலில் வடியும் உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்றுவிட்டது. ஒட்டுப் போட்டு மேலே என்ன விரிப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு.

அப்பாவுக்குத் தகரம் அடித்து மூடிவிட வேண்டும். டிரைவர் பூலோகம், மேல பட்டு வேட்டி உள்ள சொறி, அடியில தண்ணி நின்னு தின்னுரும்லா அண்ணாச்சி என்றான். நீ எழுதியதும் அதுதான், குர்லாவில் பழைய சாமான் விற்கும் கரீம் பாட்சா சொல்வதும் அதுதான்: ஆலையில் கழித்த தடித்த ரப்பர் பட்டையை ஆணி அடிக்காமல் விரித்து, லோடு இறங்கியதும் தூக்கிக் கழுவினால் வண்டி பத்து வருஷம் உழைக்கும். நானும் அதையே சொல்லி வாதாடினேன். நேற்று அப்பா சம்மதித்துவிட்டார். சரிட்டி, படிச்சவ சொல்லுத, ரப்பரே போடுவோம், பதினோரு மணிக்கு லோடு இறங்குனதும் தூக்கிக் கழுவ நீதான் வீட்ல இருக்கியே என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மாதுங்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜூனிலிருந்து டீச்சர் வேலைக்கு வரச் சொல்லி எனக்கு வந்த கடிதம் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. பத்திலிருந்து நாலரை வரை வகுப்பு. பூலோகம் கழுவட்டுமே என்பாய், அவன் தோலை இறக்கிப் போட்டதும் மில் ஷிப்டுக்கு ஓடுகிறவன். பி.ஏ. படித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு அறைக்குள் இருக்கிறேன், இப்போது வாதாடி ஜெயித்து என் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்ததும் மோர் குடி, ஹோட்டலில் கண்டதைத் தின்னாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் ஐயா, அது ஒன்றுதான் தினமும் கேட்கிறேன். பள்ளிக்கூடக் கடிதத்தையும் இனி எழுதுவதையும் அப்பாவுக்கு எழுதும்போது தொடாதே. யாரிடமும் சொல்லவில்லை. நாளை கரீம் பாட்சாவிடம் போகப்போவது நான்தான். ரப்பர்தான் சரி என்று எனக்குத் தெரியும். தகரம் வாங்கப்போகிறேன். காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், தூக்க ஒன்றும் இருக்காது. வண்டி மூன்று வருஷம் தாங்கட்டும்.

உன் அம்மா,
பார்வதியம்மாள்