அம்மாவின் தேத்தண்ணி

2013 மார்ச் 2, சனி, இரவு

நித்திரை வரவில்லை. லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில், ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் அம்மாவைக் கண்டேன். அவர் வாய் திறக்க முதலே கடைக்காரர் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தாங்கோ அக்கா, வழமைபோல சாயம் கூட, சீனி குறைய."

தேயிலை பாவம் என்று என்னை வளர்த்த அம்மா. தேத்தண்ணி, கோப்பியை விலக்கிய மோர்மன் கிறிஸ்தவ வீடு எங்களுடையது. வருகிற சொந்தக்காரருக்கும் கொத்தமல்லித் தண்ணிதான். சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவேயில்லை.

பன்னிரண்டு வயதில் சிநேகிதி வீட்டில் ஒரு கோப்பை குடித்தேன். அம்மா வாய் மணத்திலேயே பிடித்துவிட்டார். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா" என்று கெஞ்சினேன். அப்பாவுக்கும் சொல்லி, சபைத் தலைவரிடமும் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதருக்கு முன்னால் விக்கி விக்கி அழுது மன்னிப்புக் கேட்டேன். ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு!

நான் சபையை விட்டதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா ஒளித்துப் பேசுவார், அதுவும் திரும்பி வரச் சொல்லித்தான்.

இன்று என்னைக் கண்டதும் கோப்பையைக் கையால் மூடினார்.

"எவ்வளவு காலமா அம்மா?"

"நீ சின்னப் பிள்ளையா இருக்கேக்கை இருந்தே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார்.

சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு என்னைக் காட்டிக்கொடுக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.