ஓலையில் மாறிய பெயர்

இயேசு மரி சூசை துணை

நாகலூர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. குவைத்தில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். இங்கே பனி இறங்கிவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்ததில் காப்பிப் பழம் பாதி வெடித்துக் கீழே கிடக்கிறது. பொறுக்க எஸ்டேட்டில் ஆள் பற்றவில்லை.

மாதா திருநாள் முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் எங்கள் மகளிர் குழுவுக்குப் பயிற்சி வைத்தார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு குறிக்கோள், திட்டமிடல் என்று சாயங்காலம் வரை பேசினார். ஐந்து வருஷத்தில் என்ன ஆக வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் எழுந்து சொல்லச் சொன்னார். புவனா வாஷிங் மெஷின் என்றாள். வாழவந்தி அத்தாயி, உசுரோட இருந்தாப் போதுமுங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, ஒரு மகள் வெளிநாட்டில் சம்பாதிக்க வேண்டும், ஒரு மகள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ரைட்டர் பெண்சாதியாக இருக்க வேண்டும் என்றேன். சார் கைதட்டினார். மற்றவர்களையும் தட்டச் சொன்னார்.

அவர் தையல் யூனிட் வைப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நாள் தள்ளினால் எல்லாமே தள்ளிப்போகும், ஒருத்தி வரவில்லையென்றால் அந்த மெஷினில் இன்னொருத்தியை உட்கார வைத்து வேலையை முடியுங்கள் என்றார். தையலுக்குச் சரிப்பட்டு வருவது குடும்பத்துக்கு ஏன் வராது?

விஷயத்துக்கு வருகிறேன். ஜெப்சனுக்கு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவனோடு நிச்சயம் செய்துகொண்டு நீ விமானம் ஏறியதிலிருந்து அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான். ஆனால் கல்யாணம் ஆனவனுக்குத்தான் குவார்ட்டர்ஸ் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை பொறுத்தால் வீடு வேறொருவனுக்குப் போய்விடும். நீயோ அடுத்த வருஷம்தான் வர முடியும். ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டவள் நீதானே. நான் சொல்லித்தான் போட்டாய் என்பது வேறு விஷயம். கை உன்னுடையது.

அதனால் உன் இடத்தில் சின்னவள் ஆன்மேரியை வைத்தேன்.

ஜெப்சனிடம் நான் நீட்டி முழக்கவில்லை. ஜெஸ்லினுக்கு ஊர் திரும்ப மனசில்லை, உன்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுங்களா அத்தை என்றான். அவள் எஜமானி வெள்ளிக்கிழமை ஒரு வேளைதான் போனைத் தருகிறாள், அதையும் எங்களோடு பேசியே தீர்த்துக்கொள்கிறாள். அவளை மேலும் சங்கடப்படுத்தாதே சாமி என்றேன். கேட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளிடம் அது ஒரு வசதி.

கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை கோயிலில் வாசித்த ஞாயிறு ஒரு கூத்து நடந்தது. உபதேசியார் மரியஜோசப் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது பழக்க தோஷத்தில் உன் பெயரை எழுதிவிட்டார். ஜெப்சன் என்றால் ஜெஸ்லின் என்றுதானே இந்த ஊர் கை பழகியிருக்கிறது. புதுச் சாமியார் அதை அப்படியே வாசித்துவிட்டார். ஜெப்சனுக்கும், ஆரோக்கியதாஸ் மூத்த மகள் ஜெஸ்லினுக்கும் என்று. கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜெப்சன் மட்டும் வாசலைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. நீ வந்து நிற்கிறாய் என்று நினைத்தானோ என்னவோ. நான் எழுந்து, சாமி, சின்னவளுங்க, ஆன்மேரிங்க என்று சத்தமாகச் சொன்னேன். சாமியார் பேனாவை வாங்கி அடித்துத் திருத்தி மறுபடி வாசித்தார். அவன் அதற்குப் பிறகு வாசல் பக்கம் திரும்பவில்லை.

மீதி இரண்டு ஓலையும் சுத்தமாக வாசித்தாயிற்று. தடை சொல்ல யாரும் வரவில்லை.

ஆன்மேரி முக்காட்டுக்குள் அழுதாள். இப்போதும் அழுகிறாள். போட்டோ பார்த்து உன் கல்யாணத்துக்கென்று நீ எடுக்கச் சொன்ன பட்டுச் சேலையைத்தான் அவள் கட்டப்போகிறாள். அக்கா சேலையை எப்படிம்மா கட்டறது என்றாள். கொசுவம் வைத்துத்தான் கட்டணும் என்றேன். ரவிக்கையை மட்டும் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன், நீ அவளைவிடச் சதைப்பற்று.

உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. மிளகுக் கொடி பார்க்கிறேன் என்று தோட்டத்திலேயே கிடக்கிறார். ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தார். ஏம்புள்ள, மாட்ட மாத்திக் கட்டறாப்புல பெத்த புள்ளைய மாத்திக் கட்டறியே என்றார். இந்த வீட்டில் மாட்டையும் நான்தானே கட்டுகிறேன் என்றேன். எழுந்து போய்விட்டார்.

உன்னை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சம்பாதிக்கும் மகள் என்றால் சின்ன இடமா? அந்த இடத்தில் நீ நொம்ப நல்லா இருக்கிறாய் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன்.

கல்யாணம் நாளை மறுநாள். லாசர் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத் திரும்புகிறார். காப்பித்தூளும் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் அவர் கையில் வரும். வெள்ளிக்கிழமை காலையில்தான் உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முன்னாலேயே தெரிந்தால் நீ பங்குச்சாமியாருக்குப் போன் போடாமல் இருப்பாயா?

அன்றைக்கு நீ கூப்பிடும் நேரத்தில் இங்கே மறுவீட்டு விருந்து. ஜெப்சன் வீட்டார் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பேன். முதலில் தங்கச்சிக்கு வாழ்த்துச் சொல்லு. பிறகு அவனிடம் பேசு. மாப்பிள்ளை என்று கூப்பிடாதே, கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். தம்பி என்று கூப்பிடு கண்ணு. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, ஒரு தரம், தம்பி என்று. அம்மா உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. குரல் நடுங்கினால் பரவாயில்லை, லைன் சரியில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
ஜெயமேரி