உன் நாலு போத்தல் தக்காளி

அக்கா,

சீனி தேடிச் சமையலறை அலுமாரியைத் திறந்தேன். புளித்த வாடை முகத்தில் அடித்தது. மேல்தட்டில் உன் தக்காளிப் போத்தல்கள் நாலும் இருந்தன. அம்மா அவற்றுக்கு மேல் வெள்ளைத் துணி போட்டு, பக்கத்தில் மாதா சுரூபத்தை வைத்திருந்தார். மூன்றின் மூடி வீங்கி நின்றது. ஒன்றின் கழுத்தால் செம்மஞ்சள் நீர் கசிந்து தட்டெல்லாம் பிசுபிசுத்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன்மேல்தான்.

இது நடக்கும் என்று சொன்னேன். அடுப்படியில் நின்று சொன்னேன். வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னேன். கோயிலுக்குப் போக நீ சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றபோதும் சொன்னேன். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் சொன்னால் உலகம் கேட்கும், சொந்த அக்கா கேட்கமாட்டாள். "நீ நண்டுக்கு டொக்டர். தக்காளிக்கு ஆர் உன்னைக் கூப்பிட்டது?" என்பாய். நண்டு பதனிடும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவனுக்கு வீட்டில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

எங்கள் வளவு முழுக்க மணல். கிணறு உவர். இந்தத் தீவில் தக்காளி வைக்கப் போகிறேன் என்று நீ தொடங்கியபோது அது சரிவராது என்றேன். அந்த ஒன்றில் மட்டும் நான் பிழை. மீன் வாடியில் எறிந்து கிடந்த, மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டிகளைப் பொறுக்கினாய். பெருநிலத்தில் இருக்கும் முருங்கனிலிருந்து சாக்கில் வயல் மண் கொண்டுவந்தாய். பஸ்ஸில் கொண்டக்டர் மறித்தாராம்.

"தங்கச்சி, மண்ணுக்கும் ரிக்கற் எடுக்க வேணும்."

"அது என்ர மடியிலதான் இருக்கப் போகுது அண்ணை. மடிப் பிள்ளைக்கு ரிக்கற் எடுக்கிறேல்லையே."

அந்தக் கதையை நீ சொல்லும் ஒவ்வொரு தடவையும் சாக்கு பெருத்தது. ஆனால் செடி வளர்ந்தது. அரிசி கழுவின தண்ணீர் குடித்து வளர்ந்தது. பெட்டிகளின் கரையோரமாகத் துளசி, புதினா, கற்பூரவள்ளி. தை மாதம் தக்காளி முழுக்க இரண்டு கிழமைக்குள் பழுத்துத் தொலைத்தது. அந்தத் தக்காளிச் சாதியின் குணம் அது.

பிளந்து, உப்புப் போட்டு, வலையில் பரப்பு என்றேன். வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, மீன் காய வைக்கத் தெரிந்த கை இருக்கிறது. முதல் பறிப்பை அப்படித்தான் செய்தாய். ஒரு குறையும் இல்லை. தோல் மாதிரி இழுபட்டது, தகர ரின்னில் போட்டால் கெடவில்லை. புதினாவையும் நூலில் கட்டி நிழலில் உலர்த்தினாய். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் காய்ந்த தக்காளி ஒன்றைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாய்.

"பிறந்ததிலயிருந்து காஞ்சதைத்தான் தின்னுறம். காஞ்ச மீன், காஞ்ச றால், காஞ்ச பனங்கிழங்கு ஒடியல். தக்காளியும் கருவாடாப் போக வேணுமோ? இதாவது கொஞ்சம் ஈரமா இருக்கட்டுமன்."

ஈரத்தை எடு என்றுதான் நான் படித்த பாடம் எல்லாம் சொன்னது.

பிறகு போத்தல். உள்ளிப் பூண்டும் துளசியும் அள்ளிப் போட்டுத் தக்காளியை வேகவைத்து, பழைய ஜாம் போத்தல்களில் ஊற்றி மூடினாய். உள்ளியும் இலையும் சேரச் சேரப் புளிப்புக் குறையும், புளிப்புக் குறைந்தால் காற்றில்லாத போத்தலுக்குள் நஞ்சுக் கிருமி வளரலாம் என்று விளக்கினேன். போத்தலுக்குக் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்து புளி விடு, மூடின பிறகு போத்தலோடு தண்ணீரில் கொதிக்க வை. இவ்வளவுதான் கேட்டேன். அப்பாவுக்கு நெஞ்செரிவு, புளி கூடாது என்றாய். புளிப்புப் பார்க்கும் தாள் கொண்டுவந்து தந்தேன். நீ அதை அப்பாவின் தேத்தண்ணீரில் தோய்த்து, "தேத்தண்ணி பாஸோ பெயிலோ, டொக்டர்?" என்று கேட்டாய். அப்பா புரைக்கேறச் சிரித்தார்.

ஒவ்வொரு போத்தலும் திறந்த கிழமையே வழித்துத் துடைத்து முடிந்தது. அதை வைத்தே என்னை மடக்கினாய். "இதைத் திண்டு செத்தவை ஆர்? பேரைச் சொல்லு பாப்பம்."

மாசியில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். நாலு போத்தல் மிஞ்சியது. நீ இருந்திருந்தால் அவை பங்குனியைக் கண்டிருக்காது. நீ இல்லாதபடியால் அவற்றைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒரு வருஷம் வெக்கைக்குள் இருந்து பழுதானதற்குக் காரணம் அதுதான். உன்னைத் திட்டுவதா, எங்களைத் திட்டுவதா?

பிரச்சினை அம்மா. உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு இரண்டு நாள் முந்திதான் நான் அலுமாரியைத் திறந்தேன். பூசை முடிந்து வருகிறவர்களுக்கு உன் தக்காளியைப் பரிமாறப் போவதாக அம்மா ஒரு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"அவள்ட கையால செய்தது. எல்லாரும் ஒரு வாயாவது சாப்பிட வேணும்."

"அம்மா, பழுதாப் போச்சு. மூடியைப் பாருங்கோ."

"மூடி வீங்கினா என்ன? அப்பத்துக்குக் கரைச்ச மாவும்தான் பொங்குது. அதை நீ தின்னுறேல்லையோ?"

அப்பா கதிரையில் இருந்தபடி, "கொதிக்க வைச்சா சரி வராதே தம்பி?" என்றார், இரண்டு பக்கமும் நோகாமல்.

"வராது. ஒரு ஆள் விழுந்தாலும் போச்சு. குழந்தைகளும் வருவினம்."

அம்மா எழுந்து அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். "என்ர பிள்ளையின்ர சாப்பாடு ஒருத்தரையும் கொல்லாது."

இதற்கு என்ன விளக்கம் சொல்ல? நுண்ணுயிர் யாருடைய பிள்ளையின் சமையல் என்று பார்ப்பதில்லை என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்பாவின் முகம் சொன்னது. ஆனால் அது உண்மை. நான் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி. சரியாக இருப்பதில் எனக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை.

ஒளித்து எடுத்துப் போய் எறியவும் மனமில்லை. அம்மாவின் தோளை மெதுவாக விலக்கிப் போத்தல்களை எடுத்து முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அவரும் பின்னால் வந்தார். கையுறை போட்டு, துணியால் பொத்தி, முதல் மூடியைத் திருகினேன். சீறிக்கொண்டு நுரை பொங்கித் துணியெல்லாம் நனைந்தது. அந்த நாற்றத்துக்கு அம்மா ஒரு அடி பின்வாங்கினார். பிறகு முன்னுக்கு வந்து குனிந்தார். விரலால் தொடப் போகிறார் என்று தெரிந்து கையைப் பிடித்தேன்.

"விடு தம்பி. மணந்துதான் பாக்கிறன்."

மணந்து பார்த்தார். துளசி கொஞ்சமும் மணக்கவில்லை என்றார். பிறகு அவரே பழைய சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

நாலையும் அதில் ஊற்றி, புதைக்கும் முன் கிருமி சாகட்டும் என்று வெளியடுப்பில் நெடுநேரம் கொதிக்க வைத்தேன். ஊருக்குள் அலையும் கழுதைகள் கிண்டாத ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தது. எங்கே வெட்டுவது என்று அம்மாதான் காட்டினார். உன் செடிப் பெட்டிகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். ஆறின பிறகு ஊற்றி மூடினேன்.

பூசையன்று பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா சாப்பாட்டுக்கு இருந்தபடி கேட்டார். "எங்க மச்சி, மகள்ட தக்காளி? அதுக்கெண்டுதானே வந்தனான்."

"முடிஞ்சிட்டுது ராத்தா," என்றார் அம்மா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீன் குழம்பை இன்னும் ஒரு அகப்பை விட்டார்.

எல்லோரும் போன பிறகு, பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் ஊற்றினார். விலை கொடுத்து வாங்குகிற தண்ணீர்.

"விதை எல்லாம் அதுக்குள்ளதானே கிடக்குது," என்றார். "முளைக்கும் என்ன?"

நீ ஒரு தரம் வேகவைத்த விதை. நான் இன்னொரு தரம் கொதிக்க வைத்த விதை. ஆழக் குழிக்குள் கிடக்கிறது. இதை விளங்கப்படுத்த எனக்கு அரை நிமிஷம் போதும்.

"ஓம் அம்மா," என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் அந்த மணலுக்குப் போகிறது. வேலை முடிந்து படலையைத் திறக்கும்போது அம்மா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இண்டைக்கும் ஒண்டையும் காணேல்லை தம்பி," என்பார். எரிச்சல் தலைக்கேறும். அந்த அரை நிமிஷ விளக்கம் நுனிநாக்கு வரை வந்து நிற்கும். அதை விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.